சிந்தாமல் நிற்பது

ஓடுகிற ஒன்றை நிறுத்துவதுதான் என் வேலை என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் திருப்தியாக இல்லை. அப்பா பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். நான் மதுரையில் தங்கி வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து, சாயங்காலம் போன் போட்டால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

“மெக்கானிக்கல் படிச்சிட்டு அங்க என்னதாம்மா பாக்குற? நாலு பேரு கேட்டா சொல்லணும்ல.”

“நிப்பாட்டுற வேலைப்பா. உருண்டு வாரத நிப்பாட்டணும்.”

“ஓட்டுறதுக்குச் சம்பளம் குடுப்பாய்ங்க. நிப்பாட்டுறதுக்குமா குடுக்குறாய்ங்க?”

கொடுக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். எதையும் கிளப்பிவிடுவதில் பெரிய சாமர்த்தியம் கிடையாது, தள்ளினால் போகும். நிறுத்துவதில்தான் சங்கதியே இருக்கிறது. சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறுகிற எவருக்கும் இது தெரியும். சில டிரைவர்கள் பிரேக்கை மிதிக்கிற மிதியில், பின்னால் நிற்கிற ஆள் முன்னால் போய் விழுந்து திட்டு வாங்குவார். சில டிரைவர்கள் வண்டி நிற்பதற்கு ஒரு கணம் முன்னால் பிரேக்கைக் கொஞ்சம் விட்டுப் பிடிப்பார்கள். பூக்கூடையோடு நிற்கிற அம்மாவுக்குக்கூட வண்டி நின்றது தெரியாது. அந்த ஒரு கணத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று அவர் காலையே கவனித்துக்கொண்டு வந்திருக்கிறேன். “என்னம்மா, எறங்கணுமா?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். “இல்லண்ணே, சும்மா பாக்குறேன்” என்றேன். அதற்குப் பிறகு அவர் எல்லா ஸ்டாப்பிலும் மோசமாகத்தான் நிறுத்தினார்.

நான் பராமரிப்பு பார்க்கிற ஆலை, திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், வயல்களைத் தாண்டி உள்ளே இருக்கிறது. செங்கலுக்குப் பதிலாக இப்போது வீடு கட்ட வாங்குகிறார்களே, பெரிதாக, வெளிறிப்போய், தூக்கினால் கனமே இல்லாத கல், அதைத்தான் செய்கிறோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல், சுண்ணாம்பு, சிமென்ட் மூன்றையும் தண்ணீர் விட்டுக் கலக்கி, கடைசியில் துளி அலுமினியப் பொடி சேர்த்து, ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் ஊற்றுவோம். கொஞ்ச நேரத்தில் கலவை இட்லி மாவு மாதிரிப் பொங்கி மேலே வரும். சேர்ந்த புதிதில் நான் சாப்பிடக்கூடப் போகாமல் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நாளைக்குச் சுவராகப் போகிற ஒன்று கண்ணெதிரே உப்புவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

பொங்கி முடிந்ததை நாங்கள் கேக் என்போம். அது பாதி இறுகின பதத்தில் இருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். தொட்டியோடு சேர்த்து ஐந்து டன்னுக்குக் குறையாத அதை, வரிசையாக உருளைகள் பதித்த பாதையில் ஓட்டிக்கொண்டுபோய், கம்பியால் அறுக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். பொங்கிய மாவுச் சட்டியை டொக்கென்று இறக்கி வைத்தால் மாவு அமுங்கிவிடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். எங்கள் மாவும் அப்படியே. இடித்து நின்றால் மூலையில் விரிசல் விடும், விரிசல் விட்டால் தொட்டி முழுக்கக் கழிவு.

மெதுவாக ஓட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் மோட்டாருக்கு ஒரே வேகம்தான் தெரியும். அதை அணைத்தும் பயனில்லை. ஐந்து டன் ஒரு தடவை உருண்டுவிட்டால் மோட்டாரைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

நான் சேர்ந்தபோது அதை நிறுத்திக்கொண்டிருந்தவர் ஓர் அண்ணன். பக்கத்துக் கிராமத்துக்காரர், வயது ஐம்பதை நெருங்கும். அவர் கையில் ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய பெரிய வேப்பங்கட்டை இருக்கும். தொட்டி வருகிற நேரம் பார்த்துக் குனிந்து, உருளைக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே கட்டையைச் செருகுவார். கட்டை கிறீச்சிட்டுப் புகையும், தொட்டி முனகிக்கொண்டே நிற்கும். அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். நான் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் கட்டை வழுக்கி, இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. புண் ஆறியதும் ஷூவின் நுனியில் துணியைச் சுருட்டி வைத்து மாட்டிக்கொண்டு, திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “வேற யாரும் நிக்க மாட்டேன்னுட்டாய்ங்க தங்கச்சி” என்றார். மேனேஜர் பக்கத்தில் இருந்தால் நான் அவருக்கு மேடம், இல்லாவிட்டால் தங்கச்சி.

அவர் குனிகிற ஒவ்வொரு தடவையும் வேறு எங்காவது பார்க்கலாம் என்றால் கண் அந்த ஷூவின் நுனியில்தான் போய் நிற்கும். தொட்டியைத் தானே நிறுத்துகிற ஸ்டாப்பர் ஒன்று வாங்கித் தாருங்கள் என்று மேனேஜரை நச்சரிக்க ஆரம்பித்தேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் புதுச்சாமான் எது வந்தாலும், மாட்டுகிற அன்றைக்கே அதை எப்போது கழற்றலாம் என்று யோசிக்கிறவர். என் தொல்லை தாங்காமல்தான் வாங்கினார்.

பார்ப்பதற்கு அது ஒன்றுமேயில்லை. தடித்த இரும்புக் குழாய், அதற்குள்ளிருந்து எவர்சில்வர் டம்ளர் போலப் பளபளக்கிற ஒரு தண்டு ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி வந்து தண்டின் நுனியில் முட்டும், தண்டு உள்ளே போகும், தொட்டி நின்றுவிடும். குழாய்க்குள் எண்ணெய், அது வெளியேற வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். முறுக்குக் குழலில் மாவை வைத்து எவ்வளவு பலமாக அமுக்கினாலும் கை மெதுவாகத்தானே இறங்கும், அந்தக் கதைதான். இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. தண்டு உள்ளே போகப் போக ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபடும். தொட்டியின் வேகம் குறையக் குறைய எண்ணெய்க்கு வழியும் குறைகிறது, அதனால் எந்த இடத்திலும் ஒரு குலுக்கல் கிடையாது. பஸ் டிரைவரின் காலில் நான் தேடியது இந்தக் குழாய்க்குள் இருந்தது. அத்தனை வேகமும் எங்கே போய் ஒளிகிறது என்று கொஞ்ச நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிவில் குழாயைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருந்தது. ஓட்டமெல்லாம் சூடாக மாறி அங்கே உட்கார்ந்திருந்தது.

மாட்டிய அன்று அண்ணன் அதை நம்பவில்லை. கட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை, அந்தப் பக்கம் புறப்படத் தயாராக இருந்த தொட்டியின் விளிம்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். தொட்டி வந்தது. உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம். டீ விளிம்புவரை ஏறி, இறங்கி, அடங்கியது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

“சிந்தல தங்கச்சி!” என்றார். இன்னொரு தடவை, தனக்குத்தானே சொல்வதுபோல, “சிந்தல” என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் தொட்டியில் டீ வருவது எங்கள் வழக்கமாகிவிட்டது. டீ சிந்தவில்லை என்றால் நாள் சரியாகத் தொடங்கியது என்று அர்த்தம். அண்ணனை அறுக்கிற மெஷின் ஸ்விட்சுக்கு மாற்றினார்கள். ஆனாலும் கட்டையைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிறுத்தியே வைத்திருந்தார். ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன், அதில் தன் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு நின்றுகொண்டார். “உக்காந்தா சட்டுன்னு எந்திரிக்க வராது தங்கச்சி” என்றார்.

பிறகு ஆயுதபூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மெஷின்களைக் குளிப்பாட்டாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அவரவர் மெஷினுக்கு அவரவர் பட்டை போட்டுப் பொட்டு வைத்து மாலை போட்டோம். கலவை மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, அது கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு, மேனேஜர் செலவில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, விடுமுறைக்குக் கிளம்பினோம்.

திரும்பி வந்து ஆலை ஓடத் தொடங்கிய சில நாளில் முதல் விரிசல் விழுந்தது. முன்பக்க மூலையில், மயிரிழை போல. மறுநாள் இன்னும் இரண்டு. உஸ்ஸென்று கேட்ட இடத்தில் டொம்மென்று கேட்டது. அன்று காலை அண்ணனின் டீ தொட்டியின் விளிம்பில் பாதி, அவர் சட்டையில் மீதி என்று வந்து நின்றது. அவர் கிளாஸை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “பாத்தியாம்மா? நான் அப்பவே சொன்னேன். இந்தச் சாமான்லாம் நம்ம தூசிக்குத் தாங்காது. வெள்ளிக்கிழமை பாப்பேன். சரியாகலேன்னா கழட்டிப் போட்டுட்டு, பழையபடி அவரையே கட்டை போடச் சொல்லிடு.”

அவரையே. அந்தச் சொல்லை மேனேஜர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே வந்தபோது அண்ணன் சுவரோரம் இருந்த கட்டையை எடுத்து, அதன் சரிவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தால் எனக்கு ஆராய்ச்சி நன்றாக வரும். கலவையில் எடை கூடியதா என்று பார்த்தேன், இல்லை. உருளைகளின் வேகத்தை அளந்தேன், மாறவில்லை. அறுக்கிற மெஷின் மட்டம் தவறவில்லை. கடைசியில் ஸ்டாப்பருக்கு அடியில் குனிந்தபோது, தரையில் சாம்பல் கறுத்துக் களிம்பாகக் கிடந்தது. எண்ணெய் கசிந்திருக்கிறது. எண்ணெய் போனால் குழாய்க்குள் மிச்சம் காற்றுதான், காற்று ஐந்து டன்னைத் தாங்காது. சரி, எண்ணெய் ஏன் கசிய வேண்டும்? தண்டு உள்ளே போகும் வாயில், எண்ணெய் வெளியே வராமல் வழித்துவிட ஒரு ரப்பர் வளையம் உண்டு. பைக்கின் முன்பக்க ஃபோர்க்கில் இருப்பதும் இதேதான். அதில் சேறு காய்ந்து ஒட்டினால் வளையம் கிழிந்து எண்ணெய் ஒழுகும், ஊரில் பைக் வைத்திருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது மெக்கானிக்கிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் எங்கள் ஆலைக்குள் சேறு ஏது?

தண்டை விரலால் தடவினேன். மேல்பக்கம் சொரசொரவென்றிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. பிளேடால் சுரண்டினேன், ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. வெளியே சாம்பல் நிறம், உள்ளே மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேறு எந்த ஆலையிலும் சந்தனம் காய்ந்து தானாக உதிர்ந்திருக்கும். எங்கள் ஆலையில் காற்றிலேயே சிமென்டும் சுண்ணாம்பும் பறந்துகொண்டிருக்கின்றன. ஈரச் சந்தனத்தில் அது படிந்து, விடுமுறை முழுக்க ஆற அமர இறுகி, தண்டின்மேல் பொடிப்பொடியாகக் கல் கட்டிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொட்டி வரும்போதும் அந்தக் கல் வளையத்துக்குள் போய் வந்து அதை அறுத்திருக்கிறது. கல் செய்கிற இடத்தில் கல் ஆகியிருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. யார் பூசியிருப்பார்கள் என்று யோசித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

டீ நேரத்தில் அண்ணனிடம் போனேன். “அண்ணே, தண்டுல சந்தனம் யாரு பூசுனது?”

“நாந்தான். எல்லாரும் அவுகவுக மெஷினுக்குப் போட்டாக. இதுக்கு யாரும் போடல. எம்புட்டுப் பெரிய உபகாரம் பண்ணுது, அத வெறும் நெத்தியா விட மனசு வல்ல.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. “மூணு பட்டையா, நல்லா அழுத்தமா போட்டேன். ஏன் தங்கச்சி?”

சில்லை அவர் கையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப எனக்கு நானே ஆப்பு வச்சுக்கிட்டேனா?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஆலையில் அத்தனை பேர் இருக்க, அந்த இரும்புத் தண்டுக்கு நன்றி சொல்ல நினைத்தது ஒரே ஓர் ஆள். அவருக்கா இது நடக்க வேண்டும்?

காரணத்தைச் சொன்னால்தான் ஸ்டாப்பர் பிழைக்கும். சொன்னால் யார் பூசியது என்று கேட்பார்கள். என்ன செய்வது என்று நான் புழுங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் காலை இழுத்து இழுத்து மேனேஜர் அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

“சார், மெஷினு மேல குத்தமில்ல. சந்தனத்தப் பூசிக் கெடுத்தது நான்.”

மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளக்கினேன். “தண்டுலயா? அங்க போய் யாராச்சும் பூசுவாங்களா?” என்று அவர் குரலை உயர்த்தினார். எந்த இடம் என்று பார்க்கத் தன் போனை எடுத்துப் பூஜை போட்டோவைத் தேடினார். கிடைத்தது. நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்க, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்பர். அண்ணன் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருக்கிறார். பட்டை போட்ட தண்டின்மேல் குனிந்து, அதன் நட்டநடுவில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவர் எங்கள் மேனேஜர்.

மேனேஜர் இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு சின்னதாக்கினார், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

“சரி சரி. நாளைக்கு ஒரு நாள் எடுத்துக்க. சரி பண்ணிடு” என்றார். நாங்கள் கதவுக்குப் போனபிறகு, “லைன் மட்டும் நிக்கக் கூடாதும்மா. அதுவரைக்கும் கட்டைய வச்சு ஓட்டுங்க” என்றார்.

மறுநாள் காலையிலேயே ஸ்டாப்பரைக் கழற்றி, வளையத்தின் அளவை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனேன். உதிரிபாகக் கடைக்காரர் நான் கொடுத்த அளவைப் பார்த்தார். “எந்த வண்டிக்கும்மா?”

“வண்டிக்கு இல்லண்ணே. அஞ்சு டன் மாவு. அத நிப்பாட்டணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேடினார். வளையம் கிடைத்தது. பைக் ஃபோர்க்குக்கு மாட்டுகிற, மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறையும் வாங்கிக்கொண்டேன். தண்டின்மேல் அதை மாட்டிவிட்டால் இனித் தூசியும் அண்டாது, பக்தியும் அண்டாது.

ஆலைக்கு நான் திரும்பியபோது அண்ணன் பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தொட்டி வந்துகொண்டிருந்தது. அவர் குனிந்தார். இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று கட்டையைச் செருகினார். கட்டை ஒரு விரற்கடை வழுக்கியது. நான் கத்தியேவிட்டேன். அவர் பதறவில்லை, கட்டையை இன்னும் அழுத்தினார், தொட்டி புகை கக்கி நின்றது. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்து, “கெடச்சிருச்சா தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார். வாங்கி வந்த பையைத் தூக்கிக் காட்டினேன்.

சாப்பிடக்கூடப் போகாமல் வேலை பார்த்தேன். தண்டில் ஒட்டியிருந்த கல்லையெல்லாம் எடுத்து, வழவழப்பாகத் தேய்த்து, புது வளையம் போட்டு, எண்ணெய் நிரப்பி, உறையை மாட்டி, சாயங்கால டீ வருவதற்குள் ஸ்டாப்பரை அதன் இடத்தில் முடுக்கினேன். மேனேஜரும் வந்து சற்றுத் தள்ளி நின்றார். எவரும் சொல்லாமலே அண்ணன் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு போய், புறப்படுகிற தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, கட்டையோடு வந்து நின்றார்.

தொட்டி வந்தது. கறுப்பு உறை மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. உஸ். டீ ஏறியது, இறங்கியது, நின்றது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் கிளாஸை எடுத்தார், அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு கட்டையைத் தரையில் படுக்கப் போட்டு, சரிவுப் பக்கத்தைச் சுவருக்குத் தள்ளி, மணைப்பலகையில் உட்காருவது போல அதன்மேல் உட்கார்ந்தார். இடது காலை நீட்டிக்கொண்டார். அடுத்த தொட்டி வருகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் போன் வந்தது.

“என்னம்மா, இன்னைக்கு எத நிப்பாட்டுன?”

“இன்னைக்கு ஒருத்தர உக்கார வச்சேம்ப்பா” என்றேன்.